ஒரே தீவு, ஒரே கோபுரம், இரண்டு நிலையங்கள்: நியூயார்க் ஏஎம் வானொலி மாறியதைக் கேட்டவனின் குறிப்புகள்

ஒரு வானொலி நிலையம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், எது மாறியது என்றுதான் முதலில் கேட்பேன். டயலில் உள்ள எண்ணா, டபிள்யூ என்று தொடங்கும் பெயரா, காலையில் பேசும் ஆளா, உரிமையாளரா, நிகழ்ச்சியின் வகையா? இவை எல்லாம் ஒரே நாளில் மாறுவது அபூர்வம். ஒன்று போகும், இரண்டு தங்கும், ஒன்று பக்கத்து எண்ணுக்குத் தாவும். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் ஒரு நிலையத்தின் வரலாறு பிடிபடும். நியூயார்க்கின் ஏஎம் நிலையங்களை 1985 முதல் கேட்டும் பதிவு செய்தும் வருகிறேன். அதில் கற்றதை, இந்தப் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுதத் தூண்டியது 2024 ஆகஸ்ட். எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஒரு தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறார். 26-ஆம் தேதி காலை லிஃப்டில் பார்த்ததும், "அண்ணே, 880-ல விளையாட்டுப் பேச்சு ஓடுது. டிராஃபிக் சொல்றவங்க எங்க போனாங்க?" என்றார். முந்தைய நள்ளிரவோடு டபிள்யூசிபிஎஸ் 880 செய்தியை நிறுத்திவிட்டது, இனி அந்த எண்ணில் இஎஸ்பிஎன் என்று சொன்னேன். "அப்ப பாலத்துல நெரிசல்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார். "1010-ல வின்ஸ்னு செய்தி நிலையம் இருக்கு தம்பி, அதுல வச்சுக்கோங்க." அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. 1967 ஆகஸ்ட் 28 முதல் 57 ஆண்டுகள் செய்தி சொன்ன எண் அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, 8, 18, 28 என்று எட்டில் முடியும் நிமிடங்களில், போக்குவரத்தும் வானிலையும் வரும். கடிகாரம் பார்க்காமலே நேரம் சொல்லும் அளவுக்கு அது எங்களுக்குப் பழகியிருந்தது.

880-ஐச் சொன்னால் 660-ஐயும் சொல்ல வேண்டும். இரண்டும் பிராங்க்ஸ் பகுதியில், சிட்டி ஐலண்டை ஒட்டியுள்ள ஹை ஐலண்ட் என்னும் குட்டித் தீவில் நிற்கும் ஒரே கோபுரத்திலிருந்து வருகின்றன. ஆளுக்கு 50,000 வாட். ஒரே இரும்பில் இரண்டு பெரிய நிலையங்கள்.

660-இன் கதை 1922-இல் தொடங்குகிறது. தொலைபேசிக் கம்பெனியான ஏடிஅண்ட்டி நடத்திய டபிள்யூஈஏஎஃப் நிலையம்தான் அதன் மூலம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் தேதி குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற வீட்டுமனை நிறுவனம் பத்து நிமிடத்துக்கு 50 டாலர் கட்டி, தன் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பற்றிப் பேசியது. வானொலியின் முதல் கட்டண விளம்பரம் என்று வரலாற்று நூல்கள் இதைத்தான் குறிக்கின்றன. விற்ற வீடுகள் எங்கே தெரியுமா? ஜாக்சன் ஹைட்ஸில். இன்று 74-ஆம் தெருவில் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க நாம் போகிறோமே, அதே ஜாக்சன் ஹைட்ஸ். அங்கே கடைக்குப் போகும் தமிழர்களிடம் இதைச் சொல்லும் வாய்ப்பை நான் விடுவதே இல்லை.

1926-இல் ஆர்சிஏ என்ற ரேடியோ கம்பெனி அந்த நிலையத்தை வாங்கியது; என்பிசி என்ற ஒலிபரப்பு நிறுவனம் பிறந்தது. 1928-இல் 660 என்ற எண் கிடைத்தது. எண் அதன்பின் அசையவில்லை. பெயர்தான் அசைந்தது: 1946-இல் டபிள்யூஎன்பிசி, 1954-இல் டபிள்யூஆர்சிஏ, 1960-இல் மறுபடி டபிள்யூஎன்பிசி. தொலைக்காட்சி வந்து நாடகங்களையும் தொடர்களையும் அள்ளிக்கொண்டு போனபின், இந்த எண்ணில் எதை வைப்பது என்று என்பிசிக்குக் கடைசிவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பேச்சு, பிறகு மென்மையான பாட்டு, பிறகு 1971-இல் டான் ஐமஸ் என்ற வாயாடி அறிவிப்பாளர். 1977-இல், பின்னாளில் எம்டிவியைக் கட்டிய பாப் பிட்மேன், 23 வயதில் இங்கே நிகழ்ச்சிப் பொறுப்புக்கு வந்து ஐமஸை அனுப்பிவிட்டு, பாட்டை இறுக்கி அடுக்கினார். 1979-இல் ஐமஸ் திரும்பி வந்தார். 1982 முதல் 1985 வரை மாலையில் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற இன்னொரு அறிவிப்பாளர். நான் நியூயார்க் வந்து சேர்ந்தபோது ஸ்டெர்னை நீக்கிய பேச்சுதான் எங்கும்.

இப்படி அடிக்கடி வகையை மாற்றும் நிலையத்தைப் பார்த்தால், அது எதையோ தேடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அன்று ஏஎம் நிலையங்கள் எல்லாம் தேடியது ஒன்றைத்தான்: பாட்டு கேட்பவர்கள் எஃப்எம்முக்குப் போய்விட்டார்கள், மிச்சம் யார்? காரணம் எளிது. அமெரிக்காவில் ஏஎம் நிலையங்களுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான், எஃப்எம்முக்கு 200. வயலினின் மேல் சுருதி ஏஎம் பெட்டிக்குள் வந்து சேருவதில்லை. மனிதப் பேச்சு சேரும். 1960-களில் அரசு ஒரு விதி போட்டது: பெரிய நகரங்களில் ஒரே கம்பெனியின் எஃப்எம், தன் ஏஎம் நிகழ்ச்சியையே நாள் முழுக்கத் திருப்பி ஒலிபரப்பக் கூடாது. அதோடு எஃப்எம்முக்குச் சொந்த ஆள், சொந்தப் பாட்டு, சொந்த ரசிகர் வந்தார்கள். 1978-இல் டிஸ்கோ பாட்டுக்கு மாறிய டபிள்யூகேடியூ என்ற எஃப்எம், சில மாதங்களிலேயே நகரத்தின் ராஜாவாக இருந்த டபிள்யூஏபிசி 770-ஐ முந்தியது. 1982 மே 10 நண்பகல் 770 பாட்டை நிறுத்திப் பேச்சுக்குப் போனது. அந்த நாளைப் பற்றி வயதானவர்கள் இன்றும் துக்கம் விசாரிப்பதுபோல்தான் பேசுகிறார்கள்.

பேச்சுக்குப் போனாலும் எல்லோரும் ஒரே பேச்சைப் பேச முடியாது. 1987 ஜூலை 1, மாலை 3 மணிக்கு 1050-இல் ஒரு புது வகை வந்தது. அதுவரை அந்த எண்ணில் டபிள்யூஎச்என், கிராமியப் பாட்டு நிலையம். மெட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களும் அதில்தான். எம்மிஸ் என்ற கம்பெனி அதை டபிள்யூஎஃப்ஏஎன் ஆக்கியது. இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டு. முதல் குரல் சூசின் வால்ட்மன், ஒரு பெண். ஆரம்பத்தில் நஷ்டம்தான். விளையாட்டை நாள் முழுக்கப் பேச யார் கேட்பார்கள் என்று நகரமே கேட்டது. அதோடு 1050-க்கு ஒரு தொழில்நுட்பக் குறை: அந்த எண்ணில் வேறு ஊர்களிலும் நிலையங்கள் உண்டு, அவற்றோடு மோதாமல் அலையைத் திசை திருப்பித்தான் அனுப்ப வேண்டும். சில புறநகர்களில் இருட்டினால் இரைச்சல்.

1986-இல் ஜிஈ கம்பெனி ஆர்சிஏவை வாங்கியிருந்தது. வானொலி அவர்களுக்கு வேண்டாம். 1988-இல் என்பிசியின் சில நிலையங்களை எம்மிஸ் வாங்கியது, 660 உட்பட. அன்றைய விதிப்படி ஒரு நகரத்தில் ஒரு கம்பெனிக்கு ஒரு ஏஎம்தான். நல்ல அலை கொண்ட 660-ஐ வைத்துக்கொண்டு 1050-ஐ விட்டார்கள். 1988 அக்டோபர் 7, வெள்ளிக்கிழமை, மாலை 5:30. டபிள்யூஎன்பிசி விடைபெற்றது, அதே எண்ணில் டபிள்யூஎஃப்ஏஎன் வந்து உட்கார்ந்தது.

நான் அன்று கேசட் போட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சமையலறை மேசையில் ஒரு பானசோனிக் டூ-இன்-ஒன், ஜன்னலை ஒட்டி. என் மனைவி குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைக் கொஞ்ச நேரம் பிடுங்கி வைத்தார், அதன் மோட்டார் ஓடும்போதெல்லாம் ஏஎம்மில் கரகரப்பு வரும் என்பதால். கடைசி நொடிகளை அறிவிப்பாளர் ஆலன் கோம்ஸ் எண்ணிக்கொண்டே போக, அதன்பின் புதுப் பெயர் வந்தது. இடையில் ஒரு மூச்சு விடும் இடைவெளி. இன்றும் அந்த நாடாவைப் போட்டால் அந்த மூச்சுதான் எனக்கு முக்கியம்: 1922-இல் தொடங்கிய ஒன்று முடிந்து அடுத்தது தொடங்காத இடம்.

இப்போது கணக்குப் பாருங்கள். எண் அதே 660. கோபுரம் அதே ஹை ஐலண்ட். பெயர், 1050-இலிருந்து வந்தது. மெட்ஸ் ஆட்டங்களும் அங்கிருந்தே வந்தன. ஆனால் காலையில் பேசியவர்? டான் ஐமஸ்தான். விளையாட்டு நிலையத்தின் காலை நேரம் பழைய என்பிசி ஆளிடமே இருந்தது, 2007 வரை. வீடு ஒன்று, குடித்தனம் மாறியது, ஆனால் முன் அறையில் பழைய குடித்தனக்காரர் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு நிலையம் பிழைத்ததற்கு அவருடைய விளம்பர வருமானம் ஒரு பெரிய காரணம். 1989-இல் மைக் ஃபிரான்செஸாவும் கிறிஸ் ருஸ்ஸோவும் மாலையில் சேர்ந்து பேசத் தொடங்கியபின் நஷ்டப் பேச்சே எழவில்லை.

காலியான 1050 முதலில் ஸ்பானிய மொழி நிறுவனத்துக்குப் போனது. பிறகு அங்கே டபிள்யூஈவிடி வந்தது: சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் வி. டெப்ஸின் பெயரில் 1927-இல் தொடங்கி, ஃபார்வர்ட் என்ற இத்திஷ் மொழிப் பத்திரிகையின் கையில் பல்லாண்டு இருந்த நிலையம். 2001-இல் அதே 1050-க்கு இஎஸ்பிஎன் வந்தது. 2012-இல் இஎஸ்பிஎன் 98.7 என்ற எஃப்எம்முக்கு ஏறியது. அந்த எஃப்எம்மை அவர்கள் எம்மிஸிடமிருந்து குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். 2024-இல் குத்தகை முடிந்தது. அப்போது இஎஸ்பிஎன் தேடிப்போன இடம்தான் 880. ஒரு எஃப்எம் குத்தகை முடிந்ததால் ஒரு ஏஎம் செய்தி நிலையம் மூடியது என்று சொன்னால் பாதிதான் சரி. மறுபாதி: 880-உம் 1010-உம் ஒரே கம்பெனியின் கையில் இருந்தன. 1965 முதல் செய்தி மட்டும் சொல்லும் வின்ஸுக்கு 2022-இல் 92.3 எஃப்எம்மும் கிடைத்திருந்தது. ஒரு முதலாளி ஒரு நகரத்தில் இரண்டு செய்தி அறைகளுக்குச் சம்பளம் கொடுப்பாரா? எஃப்எம் துணை கிடைத்த பிள்ளை எது, கிடைக்காத பிள்ளை எது என்று 2022-இலேயே பார்த்திருந்தால் 880-இன் கதி தெரிந்திருக்கும்.

ஒரு நிலையம் மாறப்போகிறது என்பதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க நான் பார்ப்பவை இவைதான். தாய்க் கம்பெனி கைமாறியதா? ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி இரண்டு நிலையங்கள் உள்ளனவா? இரவு நேர ஆட்கள் போய், பதிவு செய்த நிகழ்ச்சி ஓடுகிறதா? உள்ளூர்க் கடை விளம்பரம் குறைந்து பொதுநல அறிவிப்புகள் நிரம்புகின்றனவா? இதில் கடைசி அறிகுறிதான் என்னிடம் அதிகம் பலித்தது. விற்காத நேரத்தை நிரப்பத்தான் அந்த அறிவிப்புகள்.

அறிகுறி தெரிந்ததும் பதிவு செய்யத் தொடங்கிவிட வேண்டும். கடைசி நாளைப் பதிவு செய்ய ஆயிரம் பேர் வருவார்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமையை யாரும் பதிவு செய்வதில்லை. எனக்கு இப்போது தங்கமாகத் தெரிவது, 1987-இன் ஏதோ ஒரு மாலையில் 660-இல் வந்த மெத்தைக்கடை விளம்பரமும், டாப்பன் ஜீ பாலத்து நெரிசலும், நாளைக்கு மழை என்ற செய்தியும்தான். பாட்டுகள் வேறு எங்கும் கிடைக்கும். அவற்றுக்கு நடுவில் வந்ததுதான் கிடைக்காது. மணி முடியும் இடத்தையும் விடாதீர்கள். சட்டப்படி ஒவ்வொரு மணியின் விளிம்பிலும் நிலையம் தன் பெயர் எழுத்துகளையும் உரிமம் பெற்ற ஊரையும் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு கழித்து எந்த நாடா எந்த நிலையம் என்று தெரியாதபோது காப்பாற்றுவது அந்த ஐந்து நொடிதான்.

கேசட்டில் தேதி எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வருடம் முழுதாக, மணியோடு. உறையில் அல்ல, கேசட்டின் மேலேயே, ஏனென்றால் உறைகள் மாறிவிடும். மேல் விளிம்பில் உள்ள குட்டி பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் தெரியாமல் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. கணினிக்கு மாற்றும்போது முதலில் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றி எடுங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் இருந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலி மந்தமாக இருந்தால், கேசட் பிளேயரில் ஹெட்டின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை மயிரிழை திருப்பினால் தெளியும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின் மேல் ஓட்டாதீர்கள். நீக்காத ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.

ஏஎம் கேட்பதே இப்போது கஷ்டம் என்பவர்களுக்கு: ரேடியோவைக் குறை சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். மலிவான எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், வைஃபை பெட்டி, இவைதான் கரகரப்பின் ஊற்று. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி மாட்டிக்கொள்வான். ஏஎம் ரேடியோவுக்குள் ஃபெரைட் கம்பிதான் ஆன்டெனா. மேலே நீட்டும் கம்பி எஃப்எம்முக்கு. அதனால் பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும். கம்பியின் முனை எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசை நிலையம் அமுங்கும். இதை வைத்து உள்ளூர் நிலையத்தை அமுக்கி, அதன் அடியில் கிடக்கும் தூரத்து நிலையத்தைப் பிடிக்கலாம். பொழுது சாய்ந்தபின் குயின்ஸிலிருந்து பாஸ்டன் 1030, சிகாகோ 890 எல்லாம் எனக்கு வந்திருக்கின்றன. பகலில் அலையை விழுங்கும் வான அடுக்கு இரவில் மங்கிவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது.

சிட்டி ஐலண்டுக்கு மீன் சாப்பிடப் போகிறவர்கள் மலிவான ஒரு பாக்கெட் ரேடியோவைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கோபுரம் கண்ணெதிரே நிற்கும். அத்தனை அருகில் பெட்டி திணறும். 1100-இல் வைத்தால் 660-உம் 880-உம் ஒன்றோடொன்று கலந்து வரும். 880-ஐ இரண்டால் பெருக்கி 660-ஐக் கழித்தால் 1100. பள்ளி இயற்பியல் காதில் கேட்கும் இடம் அது. அந்த இடத்தில் நின்ற பழைய கோபுரத்தில்தான் 1967 ஆகஸ்ட் 27 அன்று ஒரு சிறு விமானம் மோதி, அதில் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள். மறுநாள் காலை டபிள்யூசிபிஎஸ் செய்தி நிலையமாக மாற வேண்டிய நாள். ஏஎம்மில் ஒலி இல்லை. அதனால் புது வகை தன் முதல் நாளை எஃப்எம்மில் தொடங்கியது. இரவில் 1970 வரை பாட்டும் ஓடியது. ஒரே நாளில் முழுக்க மாறிய நிலையம் என்று நினைவில் வைத்திருப்பவர்களிடம் இதை நான் எடுத்துச் சொல்வேன்.

தேதி தேடுகிறவர்களுக்கு அதனால்தான் ஒரு வேண்டுகோள்: நிலையம் தன் ஆண்டுவிழாவில் சொல்லும் தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1980 வாக்கில் வரை ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வரலாற்று அட்டை வைத்திருந்தது. பெயர் மாற்றம், எண் மாற்றம், கோபுரம், வாட், எல்லாம் தட்டச்சில். அவை இப்போது எல்லோரும் பார்க்கும்படி உள்ளன. நிகழ்ச்சி மாற்றம் அதில் இருக்காது, அதற்கு அரசு அனுமதி தேவையில்லை. அதை அந்த வாரத்துச் செய்தித்தாளின் வானொலி அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். 880-இன் மூலத்தை அப்படித் தேடித்தான் பிடித்தேன்: 1924-இல் ஆல்ஃபிரட் கிரீப் என்ற ரேடியோ உற்பத்தியாளர் தன் பெயரின் எழுத்துகளோடு டபிள்யூஏஎச்ஜி என்று தொடங்கியது, குயின்ஸின் ரிச்மண்ட் ஹில்லில். இந்தப் பேரலையின் வேர் எங்கள் குயின்ஸில்தான்.

குழப்பம் வந்தால் ஒரு விளையாட்டு அணியைப் பின்தொடருங்கள். மெட்ஸ் ஆட்டங்கள் 1050-இலிருந்து 660-க்கு, 2014-இல் 710-க்கு, 2019-இல் 880-க்கு வந்தன. ஹோவி ரோஸ் 1987-இல் 1050-இல் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேசியவர். 2024-இல் 880-இன் பெயர் மாறியபோதும் மெட்ஸ் வர்ணனையாளர் அவரே, ஆட்டங்களும் அங்கேயே தங்கின.

கடைசியாக, 1980-களில் இங்கே வந்த தமிழர்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்று தொலைபேசிக் கட்டணம் தாங்காமல், ஊருக்குக் கேசட்டில் பேசி அனுப்பினோம் அல்லவா? "அம்மா, இங்க பனி கொட்டுது" என்று பேசியவர்களின் பின்னால் பல நேரம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கேசட்டுகள் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ பெட்டிகளில் இருக்கலாம். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது தூக்கிப் போடாதீர்கள். குடும்பக் குரலுக்காக ஒருமுறை கேளுங்கள், பின்னால் ஓடும் ரேடியோவுக்காக இன்னொரு முறை. மணி அடித்து, நான்கு எழுத்தும் ஊர்ப் பெயரும் சொல்கிறார்களா என்று பாருங்கள். சொன்னால், அந்த நொடியை ஒரு தாளில் குறித்துக் கேசட்டோடு வையுங்கள். அந்த ஆண்டுகளில் நிலையங்களே தங்கள் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் பாதுகாக்கவில்லை.